உப்புத் தண்ணீரில் பேஷன் ஃப்ரூட்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறு பிடிப்பதும், சிலிக்கான் எங்கே கைகொடுக்கும் என்பதும்

வேதாரண்யம், தலைஞாயிறு, திருப்பூண்டி பக்கம் கொல்லையில் பந்தல் போட்டு பேஷன் ஃப்ரூட் ஏற்றியவர்கள் பங்குனி, சித்திரையில் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விதான்: "இலை ஓரமெல்லாம் கருகுது, சிலிக்கான் அடிச்சா சரியாயிடுமா?" மருந்துக் கடையில் கேட்டால் பாட்டிலை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். கருகியது உப்பாலா, சாம்பல் சத்து (பொட்டாசியம்) குறைவாலா, வேர் அழுகியதாலா என்று அங்கே யாரும் விசாரிப்பதில்லை.

மணலிலும் நெல் உமியிலும் இருக்கும் இந்தச் சிலிக்கான் உதவும் இடங்கள் உண்டு. ஆனால் அது மண்ணிலிருந்து ஒரு சிட்டிகை உப்பைக்கூட வெளியேற்றாது. உப்பு இருக்கும் மண்ணில் செடி கொஞ்சம் தாக்குப்பிடிக்க வழி செய்யும், அவ்வளவுதான். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் முதலில் தண்ணீர், அடுத்து வடிகால், அதற்கும் பிறகுதான் சிலிக்கான் என்று போயிருக்கிறேன். உங்கள் கொடியில் தெரிகிற அறிகுறிக்கு நேராகப் போய்ப் படிக்கலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் தாண்டிவிட வேண்டாம்.

எதற்கும் முன்னால் மீட்டர்

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுகிறது. மூடியதிலிருந்து மறுபடி திறக்கும்வரை உள்ள நான்கரை மாதம் கடைமடைக்குப் போர்த் தண்ணீர்தான் கதி. கடலோரத்தில் அந்தப் போர் எவ்வளவு உப்பு என்பது ஊருக்கு ஊர் மாறும், ஒரே ஊரில் மாதத்துக்கு மாதமும் மாறும். தை மாதம் எடுத்த அளவை வைத்துக்கொண்டு வைகாசியில் முடிவெடுக்கக் கூடாது.

பேனா மாதிரி இருக்கும் இ.சி. மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இ.சி. என்பது தண்ணீரின் மின்கடத்தும் திறன், உப்பு ஏற ஏற அதுவும் ஏறும். டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்துள்ள உப்பின் அளவு) மட்டும் காட்டும் மீட்டர் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: மலிவான மீட்டர்கள் பல, மின்கடத்தும் திறனைப் பாதியாக்கி டி.டி.எஸ். என்று காட்டுகின்றன. இ.சி. 2 டெசிசீமன்ஸ் (இதுதான் இ.சி.யின் அலகு) உள்ள தண்ணீரை, லிட்டருக்கு 1000 மில்லிகிராம் என்று காட்டும். ஆய்வுக்கூடக் கணக்கு 640-ஆல் பெருக்குவது, அதன்படி 1280 வரும். பக்கத்து வயல்காரர் சொல்லும் எண்ணும் உங்கள் எண்ணும் ஒத்துப்போகாததற்குப் பாதி நேரம் இதுதான் காரணம். இ.சி.யையே பார்த்துப் பேசினால் இந்தக் குழப்பம் கிடையாது.

பேஷன் ஃப்ரூட் உப்பைத் தாங்காத பயிர் வகையில் வருகிறது. வேர்ப்பகுதி மண்ணின் நிறைவுச்சாறு (மண்ணைத் தண்ணீரில் முழுக்கக் குழைத்துப் பிரித்த சாறு) இ.சி. 1.3 டெசிசீமன்ஸைத் தாண்டினால் விளைச்சல் இறங்கத் தொடங்கும் என்பது பிரேசில் ஆய்வுகளில் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் எல்லை. நெல்லுக்கு இந்த எல்லை 3. நம் வயல் நெல் பிழைத்துக்கொள்கிற தண்ணீரில் இந்தக் கொடி திணறுவதில் ஆச்சரியம் இல்லை.

நீர்ப் பரிசோதனைத் தாளில் "சி2எஸ்1", "சி3எஸ்1" என்று ஒரு குறியீடு இருக்கும். சி உப்பைக் குறிக்கும், எஸ் சோடியத்தைக் குறிக்கும். சி2 என்றால் இ.சி. 0.25 முதல் 0.75 வரை, இந்தக் கொடிக்குக் கவலையில்லை. சி3 என்பது 0.75 முதல் 2.25 வரை. இது மிக அகலமான வகை: 0.8 உள்ள கிணறும் 2.2 உள்ள கிணறும் ஒரே பெயரில் வந்து நிற்கும். குறியீட்டை விட்டுவிட்டு எண்ணைப் பாருங்கள்.

மண் அட்டையிலும் ஒரு பொறி இருக்கிறது. நம் ஆய்வுக்கூடங்களில் ஒரு பங்கு மண்ணை இரண்டரைப் பங்கு தண்ணீரில் கலக்கி இ.சி. எடுப்பது வழக்கம். அப்படிக் கலக்கும்போது உப்பு நீர்த்துப்போகிறது. அட்டையில் 0.6, "தீங்கற்றது" என்று வந்தாலும், வேர் உண்மையில் சந்திக்கும் நிறைவுச்சாறு அதைப்போல் சில மடங்கு இருக்கும். களிமண்ணைவிட மணலில் இந்த இடைவெளி இன்னும் அதிகம். 1.3 என்ற எல்லையை அட்டை எண்ணோடு நேராக ஒப்பிட்டு "நமக்கு உப்பே இல்லை" என்று நிம்மதியடைந்தவர்கள் நிறையப் பேர்.

சிக்கலில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ, தஞ்சாவூர் காட்டுத்தோட்டத்தில் உள்ள மண் மற்றும் நீர் மேலாண்மை ஆராய்ச்சி நிலையத்திலோ விசாரித்து மண், தண்ணீர் இரண்டையும் சேர்த்துப் பரிசோதித்துவிடுவது நல்லது. தண்ணீர் மட்டும் பார்த்தால் கதையில் பாதிதான் தெரியும்.

அறிகுறி: அடி இலைகளின் நுனியும் ஓரமும் கருகுகின்றன

உப்பின் கையெழுத்து இதுதான். கொடியின் அடிப்பக்கத்து முதிர்ந்த இலைகளில் தொடங்கும். நுனி பழுப்பாகி, ஓரம் வழியாக உள்நோக்கி வரும், கருகிய பகுதிக்கும் பச்சைக்கும் நடுவே கோடு தெளிவாகத் தெரியும். கூடவே இலை சிறுத்து, மங்கிய நீலப்பச்சை நிறத்தில் இருக்கும். கணுவுக்கும் கணுவுக்கும் இடைவெளி குறையும். பற்றுக்கம்பிகள் பிடிமானம் தேடும் முன்பே காயும்.

ஆனால் சாம்பல் சத்துக் குறைந்தாலும் அடி இலை ஓரம்தான் கருகும். இரண்டையும் பிரிக்க இலையை மட்டும் பார்த்தால் போதாது, தூரையும் பாருங்கள். சொட்டுக்குழாய் நனைக்கும் வட்டத்தின் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா? தண்ணீர் இ.சி. 1-க்கு மேலா? வரிசையில் போரிலிருந்து தூரமாக, தண்ணீர் குறைவாகப் போய்ச்சேரும் கொடிகள் அதிகம் கருகியிருக்கின்றனவா? ஆம் என்றால் உப்பு. கடல்காற்று வீசும் பக்கத்து இலைகள் மட்டும் கருகி மறுபக்கம் சுத்தமாக இருந்தால், காற்றில் வரும் உப்புச் சாரல். அதற்கு அந்தப் பக்கம் சவுக்கு வரிசை வைப்பதுதான் மருந்து.

இங்கே பலர் செய்வது: ஓரக்கருகலைப் பார்த்ததும் பொட்டாஷ் போடுவது. நாம் மூட்டையாக வாங்கும் மூரியேட் ஆஃப் பொட்டாஷில் ஏறக்குறைய பாதி எடை குளோரைடு. இலையைக் கருக்கியதே குளோரைடாக இருந்தால், அதையே மேலும் ஒரு பிடி அள்ளிப் போட்டதாகிவிடும். சாம்பல் சத்து வேண்டும்தான், சோடியத்தோடு போட்டிபோட அது இருந்தாக வேண்டும். ஆனால் சல்பேட் ஆஃப் பொட்டாஷாகக் கொடுங்கள். விலை அதிகம், இந்தப் பயிருக்கு, இந்தத் தண்ணீருக்கு, அந்தச் செலவு நியாயமானது.

இப்போது கணக்கு. இ.சி. 2 உள்ள தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 1.28 கிராம் உப்பு. ஒரு கொடிக்கு நாளைக்கு 20 லிட்டர் விட்டால் 25 கிராமுக்கு மேல் ஆகிறது. அணை மூடிய நாளிலிருந்து திறக்கும் நாள்வரை, 135 நாளில், ஒரே குழியில் ஏறக்குறைய மூன்றரைக் கிலோ உப்பைக் கொட்டியிருப்போம். கொடி தண்ணீரை எடுத்துக்கொண்டு உப்பில் பெரும்பகுதியை மண்ணிலேயே விட்டுவிடும். அந்த உப்பு வேருக்குக் கீழே இறங்கிப் போக வழி இருக்க வேண்டும்.

எவ்வளவு தண்ணீர் கூடுதலாக விட்டால் கீழே இறங்கும்? உலக உணவு வேளாண் அமைப்பின் நீர்த்தரக் கையேட்டில் ஒரு எளிய வாய்ப்பாடு உண்டு: தண்ணீரின் இ.சி.யை, பயிர் தாங்கும் மண் இ.சி.யின் ஐந்து மடங்கில் தண்ணீரின் இ.சி.யைக் கழித்து வருவதால் வகுக்க வேண்டும். பேஷன் ஃப்ரூட்டுக்கு 1.3 வைத்துப் போட்டால், இ.சி. 1 உள்ள தண்ணீரில் 18 சதவீதம் வேரைத் தாண்டி வடிய வேண்டும். 10 லிட்டர் குடிக்கும் கொடிக்கு 12 லிட்டர் விட்டால் போதும். இ.சி. 2 என்றால் 44 சதவீதம்: அதே கொடிக்கு 18 லிட்டர். வேதாரண்யம் மணலில் இதைச் செய்துவிடலாம். திருத்துறைப்பூண்டிக் களிமண்ணில் செய்தால் தண்ணீர் தேங்கி வேர் அழுகும். ஆகவே களிமண்காரர்களுக்கு இ.சி. 2 தண்ணீர் இந்தப் பயிருக்கு ஆகாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கலந்துதான் விட வேண்டும். பண்ணைக்குட்டையில் சேர்த்த மழைத்தண்ணீர் 0.5-ஐயும் போர்த் தண்ணீர் 2.5-ஐயும் சரிபாதி கலந்தால் 1.5 வரும். குட்டைத் தண்ணீர் மூன்று பங்குக்குப் போர்த் தண்ணீர் ஒரு பங்கு என்றால் 1.

நல்ல தண்ணீர் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால், நாற்றுக்கும் நட்ட முதல் இரண்டு மாதத்துக்கும், பிறகு பூக்கும் காலத்துக்கும் அதை ஒதுக்குங்கள். நடுவில் உள்ள வளர்ச்சிக் காலத்தில் போர்த் தண்ணீர் விடலாம்.

பகல் வெயிலில் குழாயைப் பிடித்து இலைமேல் பீய்ச்சுவதை நிறுத்துங்கள். வேர் வழியாகப் போகும் உப்பைவிட இலைமேல் காயும் உப்பு வேகமாகக் கருக்கும்.

அறிகுறி: மண் ஈரமாக இருக்கிறது, ஆனாலும் கொடி மதியத்தில் வாடுகிறது

மூன்று காரணங்கள் இருக்கலாம், மூன்றுக்கும் வைத்தியம் வேறு.

வாடிய கொடி இரவில் தெளிந்து காலையில் நிமிர்ந்து நிற்கிறது, வாட்டம் எல்லாக் கொடியிலும் ஒரே அளவில் இருக்கிறது என்றால் உப்பு. மண்ணில் தண்ணீர் இருந்தும், உப்பு அதை இழுத்துப் பிடித்துக்கொள்வதால் வேரால் எடுக்க முடியவில்லை. இதற்கு மண் காய விடாமல் தினமும் விடுவது நல்லது. இரண்டு நாளுக்கு ஒருமுறை என்று விட்டால் நடுவில் மண் காயும்போது உப்பு இன்னும் செறிந்துவிடும்.

ஒன்றிரண்டு கொடி மட்டும் வாடி, காலையிலும் தெளியவில்லை என்றால் வாடல் நோய் பக்கம் சந்தேகப்படுங்கள். தரையோடு ஒட்டிய தண்டுப்பட்டையைக் கத்தியால் லேசாகச் சீவிப் பாருங்கள். உள்ளே பழுப்பு ஓடியிருந்தால் ஃபியூசேரியம் பூஞ்சை. அந்தக் கொடியை வேரோடு எடுத்து எரித்துவிட வேண்டியதுதான். சிலிக்கானோ ஜிப்சமோ அதைத் திருப்பிக் கொண்டுவராது. ஊதா வகை இந்த நோய்க்கு எளிதில் இரையாகும், மஞ்சள் வகை ஓரளவு தாங்கும்.

வேரைத் தோண்டினால் நாற்றமடித்துக் கறுத்திருந்தால் தண்ணீர் தேக்கம். வடிகால் வெட்டாமல் வேறு எதைச் செய்தாலும் வீண்.

அறிகுறி: கோடை மழை தூறிய மறுநாள் இலைகள் தொங்குகின்றன

இது பலரைக் குழப்பும். நல்ல மழைத்தண்ணீர் விழுந்தும் கொடி ஏன் வாடுகிறது? மாசி முதல் மேல்மண்ணிலும் நனையும் வட்டத்தின் விளிம்பிலும் சேர்ந்திருந்த உப்பை, அரைகுறை மழை கரைத்து நேராக வேர்மேல் கொண்டுவந்து விட்டுவிட்டது. பெருமழை என்றால் அப்படியே கீழே கொண்டுபோயிருக்கும். தூறல்தான் ஆபத்து.

வைத்தியம் கேட்க விசித்திரமாக இருக்கும்: தூறும்போது மோட்டாரை நிறுத்தாதீர்கள். சொட்டுநீர் ஓடிக்கொண்டிருந்தால் உப்பு வேரை விட்டு வெளிப்பக்கமாகத் தள்ளப்படும். "மழை பெய்யுது, கரண்ட் எதுக்கு?" என்று வீட்டில் கேட்பார்கள். ஒரு நல்ல மழை இறங்கும்வரை ஓடட்டும்.

அறிகுறி: குருத்து இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை

இது இரும்புக் குறைவு. மண்ணில் இரும்பு இல்லை என்று அர்த்தமில்லை. தண்ணீரில் பைகார்பனேட் அதிகமாகி மண்ணின் பி.எச். (அமில, கார அளவு) 8-ஐத் தாண்டினால், இருக்கும் இரும்பும் வேருக்குக் கிடைக்காது. 0.5 சதவீத ஃபெரஸ் சல்பேட் கரைசலில் 0.1 சதவீதம் சிட்ரிக் அமிலம் சேர்த்து மாலையில் தெளித்தால் இலை பச்சை கட்டும். மண்ணில் கொடுப்பதாக இருந்தால் இ.டி.டி.எச்.ஏ. வகை இரும்பு மட்டுமே இந்த பி.எச்.சில் நிற்கும். இ.டி.டி.ஏ. வகை விலை குறைவு, ஆனால் நம் மண்ணில் பணம் வீண்.

இந்த நேரத்தில் பொட்டாசியம் சிலிகேட்டை (பாட்டிலில் வரும் சிலிக்கான்) வேரில் ஊற்றாதீர்கள். அது கடும் காரம், ஏறிய பி.எச்.சை இன்னும் ஏற்றும்.

அறிகுறி: விட்ட தண்ணீர் இறங்காமல் நிற்கிறது, காய்ந்தால் மண் பாளமாக இறுகுகிறது

இங்கே கதை மாறுகிறது. உவர் வேறு, களர் வேறு. உவரில் கரையும் உப்பு அதிகம், மண் பொலபொலவென்றுகூட இருக்கும், தண்ணீர் இறங்கும். களரில் சோடியம் மண் துகளைப் பிரித்துக் கூழாக்கிவிடும், பி.எச். 8.5-க்கு மேல் போகும்.

வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு கண்ணாடி டம்ளரில் மழைத்தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ எடுத்து, காய்ந்த சிறு மண்கட்டி ஒன்றை மெதுவாகப் போடுங்கள். கலக்க வேண்டாம். சில மணி நேரம் கழித்துக் கட்டியைச் சுற்றிப் பால்போலக் கலங்கல் படர்ந்திருந்தால் சோடியக் கோளாறு. கட்டி உடைந்து அடியில் கிடந்து, மேலே தண்ணீர் தெளிவாக இருந்தால் சோடியம் பெரிய பிரச்சினை இல்லை. போர்த் தண்ணீரில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள், அதிலுள்ள உப்பே கலங்கலை மறைத்துவிடும்.

கலங்கினால் ஜிப்சம். எவ்வளவு என்பதை மண் பரிசோதனை சொல்ல வேண்டும், மூட்டைக் கணக்கில் ஊகித்துப் போடக் கூடாது. ஜிப்சம் போட்டால் அதோடு நல்ல தண்ணீரைக் கட்டி வடித்தும் விட வேண்டும். விடுவித்த சோடியம் வடிந்து வெளியே போகாவிட்டால் மறுபடி அங்கேயேதான் கிடக்கும். கலங்கவில்லை என்றால் ஜிப்சம் வேண்டாம். வெறும் உவர் மண்ணில் அது இன்னொரு உப்புதான்.

தண்ணீரே சோடியத்தைக் கொண்டுவந்து சேர்க்கிறதா என்பதற்கு நீர்ப் பரிசோதனைத் தாளில் ஆர்.எஸ்.சி. (மீந்திருக்கும் சோடியம் கார்பனேட்) என்ற எண்ணைப் பாருங்கள். 1.25-க்குக் கீழே என்றால் கவலையில்லை, 2.5-க்கு மேலே என்றால் அந்தத் தண்ணீரை அப்படியே விடக் கூடாது. அந்த எண்ணில் ஒவ்வொரு 1-ஐயும் (லிட்டருக்கு 1 மில்லி ஈக்விவலென்ட்) குறைக்க 1000 லிட்டருக்கு 86 கிராம் சுத்த ஜிப்சம் கரைய வேண்டும். சந்தை ஜிப்சம் சுத்தமில்லாததால் அதற்கேற்பக் கூட்டிக்கொள்ளுங்கள். தொட்டியில் ஜிப்சம் நிரப்பி அதன் வழியாகத் தண்ணீரை விடுவது நல்ல ஏற்பாடு.

வரிசைகளுக்கு நடுவே தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் முன் மடக்கி விடுங்கள். களரிலும் முளைக்கும், வேர் இறங்கி மண்ணைத் திறக்கும். 2004 டிசம்பர் 26-இல் கடல் ஏறிய நாகை வயல்களைத் திருப்பிக் கொண்டுவந்ததில் ஜிப்சத்துக்கும் தக்கைப்பூண்டுக்கும் பங்கு உண்டு. அதைவிடப் பெரிய பங்கு 2005 வடகிழக்குப் பருவத்தின் பெருமழைக்கும், அது வடிந்து போக வழியிருந்ததற்கும்.

அறிகுறி: சிலிக்கான் கொடுத்தும் பலன் தெரியவில்லை

இனிமேல்தான் சிலிக்கான். பலன் தெரியாததற்குக் காரணங்கள் பல, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் எதிர்பார்ப்பு. நெல் சிலிக்கானை வாரிக் குடிக்கும் பயிர். வைக்கோலின் காய்ந்த எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கே சிலிக்கா இருக்கலாம். நெல் தாள் கையை அறுப்பதும் அதனால்தான். நெல்லில் சிலிக்கான் வேரின் உட்சுவர்களைத் திடப்படுத்தி, சோடியம் நழுவி மேலே ஏறும் சந்துகளை அடைக்கிறது என்று காட்டியிருக்கிறார்கள். பேஷன் ஃப்ரூட் அப்படிச் சேர்த்துவைக்கும் ரகம் இல்லை, கொஞ்சம்தான் எடுக்கும். பிரேசிலின் வடகிழக்கு வறள் பகுதியில் உப்புத் தண்ணீர் விட்டு மஞ்சள் பேஷன் ஃப்ரூட்டில் இதை ஆராய்கிறார்கள். அங்கே கிடைக்கும் பொதுவான பாடம்: உப்பு மிதமாக இருக்கும்போது இலைப் பச்சையம், வளர்ச்சி ஆகியவற்றில் சிலிக்கான் உதவலாம், உப்பு மிக ஏறிவிட்டால் கைவிட்டுவிடும், அளவைக் கூட்டினால் பலனும் கூடும் என்பதும் இல்லை. ஆக, இ.சி. 1 முதல் 2 வரை உள்ளவர்களுக்கு முயன்று பார்க்கத் தகுந்தது. 3-க்கு மேல் உள்ளவர்கள் அந்தப் பணத்தில் பண்ணைக்குட்டைக்குத் தார்ப்பாய் வாங்கலாம்.

இரண்டாவது, கொடுக்கும் இடம். சிலிக்கான் வேர் வழியாகத்தான் ஒழுங்காக உள்ளே போகும், தண்ணீரில் கரைந்த சிலிசிக் அமிலமாக. இலையில் அடித்தது அடித்த இலையிலேயே பெரும்பாலும் நின்றுவிடும். கருகிய இலையில் அடித்துவிட்டு அது பச்சையாகும் என்று காத்திருப்பதில் பொருளில்லை. கருகியது கருகியதுதான். பார்க்க வேண்டியது அதற்குப் பிறகு வரும் இலைகளை.

மூன்றாவது, கலவை. பொட்டாசியம் சிலிகேட் டேங்கில் வழவழவென்று ஜெல்லி மாதிரி ஆகிவிட்டது என்றால், அமிலத் தன்மையுள்ள உரத்தோடோ கால்சியம் நைட்ரேட்டோடோ கலந்திருப்பீர்கள். நம் போர்த் தண்ணீரின் சுண்ணாம்பே சில இடங்களில் இதைச் செய்துவிடும். தண்ணீரை நிரப்பி, சிலிகேட்டை மட்டும் தனியாக ஊற்றுங்கள். முதலில் ஒரு பாட்டிலில் கலந்து அரை மணி நேரம் வைத்துப் பார்த்துவிட்டு டேங்குக்குப் போங்கள். கலங்கினால் மழைத்தண்ணீரில் கலக்குங்கள். சொட்டுநீரில் விடுவதாக இருந்தால் உரத்துக்கு ஒரு நாள், சிலிகேட்டுக்கு வேறு நாள், இரண்டுக்கும் நடுவில் வெறும் தண்ணீர். தெளிப்பானை உடனே கழுவிவிடுங்கள். காய்ந்தால் மறுபடி கரையாது. லேபிளில் போட்டிருக்கும் அளவைத் தாண்டாமல், முதலில் ஒரே கொடியில் அடித்து, இலை வெள்ளை பூக்கிறதா, சுருங்குகிறதா என்று பார்த்துவிட்டு மற்றதுக்குப் போங்கள்.

நான்காவது, சாம்பல். அரிசி ஆலை உமிச்சாம்பல் டெல்டாவில் வேண்டுமளவு கிடைக்கும், சிலிக்காவும் அதில் ஏராளம். ஆனால் எல்லாச் சாம்பலும் ஒன்றில்லை. மிதமான சூட்டில் எரிந்த கறுப்புச் சாம்பலில் உள்ள சிலிக்கா மெதுவாகக் கரையும். கொதிகலனின் உச்சச் சூட்டில் எரிந்து வெளிறிப்போனதில் சிலிக்கா படிகமாகிவிடுகிறது, செடிக்கு ஏறக்குறைய மணல்தான். அந்தத் தூசி நுரையீரலுக்கும் கெடுதல், எந்தச் சாம்பலானாலும் தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டு அள்ளுங்கள். சாம்பல் காரமானது என்பதால், பி.எச். 8.5-க்கு மேல் உள்ள மண்ணில் குழிக்குழியாகக் கொட்ட வேண்டாம்.

என்னைக் கேட்டால் நம் ஊருக்கு முதல் சிலிக்கான் உரம் வைக்கோல் மூடாக்குதான். தூரைச் சுற்றி, தண்டில் ஒட்டாமல் ஒரு சாண் விட்டு, கையளவு கனத்துக்குப் பரப்புங்கள். மக்க மக்கச் சிலிக்காவும் சாம்பல் சத்தும் மண்ணுக்குப் போகும். அதைவிட முக்கியம், மேல்மண் ஆவியாவது குறைந்து உப்பு மேலே ஏறிப் பூப்பது குறையும். தண்ணீரும் மிச்சம். பாட்டில் சிலிக்கான் இதில் ஒன்றைத்தான் செய்யும். சிலிகேட் கரைக்கும் பாக்டீரியா பாக்கெட் போடுவதாக இருந்தாலும், அது வேலை செய்ய இப்படி மக்கும் பொருள் இருந்தால் நல்லது.

கடைசியாக, பலனை எப்படித் தெரிந்துகொள்வது? இரண்டு வரிசைக்குக் கொடுங்கள், பக்கத்து இரண்டு வரிசைக்குக் கொடுக்காதீர்கள். பொட்டாசியம் சிலிகேட் கொடுத்தால், அதிலுள்ள பொட்டாசியமே சோடியத்தோடு போட்டிபோட்டு நல்லது செய்திருக்கலாம். அதனால் கொடுக்காத வரிசைக்கு அதே அளவு பொட்டாசியத்தைச் சல்பேட் ஆஃப் பொட்டாஷாகக் கொடுத்துவிடுங்கள். புது இலையின் அகலம், கணு இடைவெளி, ஒரு கொடியில் நின்ற காய் இவற்றை நோட்டில் குறித்துவையுங்கள். ஐப்பசி மழைக்குப் பிறகு எல்லா வரிசையும் பச்சையாகத்தான் நிற்கும், அப்போது போய்ப் பார்த்து "சிலிக்கான் பிரமாதம்" என்று சொல்லக் கூடாது. ஒப்பீடு சித்திரை, வைகாசியில்.

அறிகுறி: பூ கொட்டுகிறது, காய் நிற்கவில்லை

உப்பும் காரணமாகலாம், கத்திரி வெயிலும் காரணமாகலாம். ஆனால் இலை நன்றாக இருந்து பூ மட்டும் கொட்டினால் உப்பைத் திட்டாதீர்கள். மஞ்சள் வகையில் ஒரு கொடியின் மகரந்தம் அதே கொடிக்குச் செல்லாது. ஒரே கொடியிலிருந்து வெட்டிய பதியன்களாகத் தோட்டம் முழுக்க நட்டிருந்தால் ஆயிரம் பூ பூத்தும் காய் வராது. விதையிலிருந்து வந்த வேறு நாலு கொடிகளை நடுவே ஏற்றுங்கள்.

பூ மதியத்துக்கு மேல்தான் விரியும், இரவில் மூடிவிடும். மகரந்தத்தைச் சுமப்பது பெரும்பாலும் மரத்தைத் துளைத்துக் கூடு கட்டும் கருவண்டு. தேனீ சிறியது, பெரும்பாலும் மகரந்தத்தைத் திருடிக்கொண்டு போய்விடும், சூல்முடியைத் தொடாது. பட்டுப்போன மரத்துண்டும் காய்ந்த மூங்கிலும் பந்தலோரம் கிடந்தால் வண்டு தங்கும். மதியம் பூச்சிமருந்து அடித்தால் தங்காது. அவசரத்துக்கு ஒரு கொடியின் பூவிலிருந்து இன்னொரு கொடியின் பூவுக்கு விரலாலேயே மகரந்தம் தடவலாம், பிற்பகல் இரண்டு மணிக்கு மேல்.

அறிகுறி: இலையில் தேமல், காய் கட்டை மாதிரி கனத்துத் தோல் தடித்துவிட்டது

வைரஸ். உப்புக்கும் சிலிக்கானுக்கும் இதில் வேலையில்லை. கொடியை எடுத்துவிடுங்கள், அதில் பட்ட கத்தியை அப்படியே அடுத்த கொடியில் வைக்காதீர்கள்.

அறிகுறி: எல்லாம் செய்தும் கொடி தேறவில்லை

தண்ணீர் இ.சி. 3-க்கு மேல், கலக்க நல்ல தண்ணீர் இல்லை, மண் களி. மூன்றும் சேர்ந்தால் அந்த இடத்தில் இந்தப் பயிர் வேண்டாம். கோடை முழுக்கச் செலவு செய்து ஆடிக்குள் இழப்பதைவிட, அந்தப் பந்தலைக் குட்டை நிரம்பும் மாதங்களில் மட்டும் புடலைக்கும் பாகலுக்கும் விடலாம்.

ஓரளவு நம்பிக்கை உள்ள இடம் என்றால் மறுபடி நடும்போது சிலவற்றை மாற்றுங்கள். கஜா புயல் சாய்த்த தென்னைக்குப் பின் காலியாகக் கிடக்கும் மேட்டுத் திடல்தான் நல்ல இடம், வயலை ஒட்டிய பள்ளம் இல்லை. இரண்டடி உயர மேட்டுப்பாத்தி, இரண்டு பக்கமும் வடிகால், வடிகாலின் முடிவு ஒரு வாய்க்காலில் போய்ச் சேர வேண்டும். கொடைக்கானல் பக்கத்து ஊதா வகையைத் தேடி வாங்கி வராதீர்கள், அது மலைக் குளிருக்கானது. மஞ்சள் வகையோ, குடகு செட்டள்ளியில் ஊதாவையும் மஞ்சளையும் ஒட்டி உருவாக்கிய "காவேரி" கலப்பினமோ வாங்கிப் பாருங்கள். ஒரு கொடிக்கு ஒரு சொட்டுவான் போதாது. இரண்டு பக்கமும் இரண்டு வையுங்கள், நனையும் வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறட்டும், கொடி பெரிதாகும்போது சொட்டுவானைத் தள்ளித் தள்ளி வையுங்கள். உப்பு சேர்வது வட்டத்தின் விளிம்பில், வேர் அந்த விளிம்பைத் தொடக் கூடாது.

நடவைத் தை முதல் வாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை மண்ணைக் கழுவிவிட்ட நேரம் அது, வாய்க்காலிலும் இன்னும் இரண்டு வாரம் தண்ணீர் ஓடும். அதற்குள் குட்டையை நிரப்பிவிடுங்கள்.